கோமு வீட்டுக் கம்ப்யூட்டர் விசிறி

இதை எனக்கு முதலில் சொன்னது கோமுதான். போன தைப்பூசத்தன்று, கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது சொன்னாள்.

தென்காசியில் அவள் வீடு ஒரே அறை. ஒரு மூலையில், அவள் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கம்ப்யூட்டர். எதிர் மூலையில், லாரி மோதி இடுப்பு உடைந்த அவள் வீட்டுக்காரர் சங்கரனின் கட்டில். வேலை சூடு பிடித்ததும் பெட்டிக்குள் இருக்கிற விசிறி வீல் வீலென்று கத்தும். அவருக்குத் தூக்கம் வராது. தூங்காவிட்டால் வலி தாங்காது. அணைத்துப் போட்டால் அடுப்பு எரியாது. விற்றுத் தொலைத்துவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள்.

ரிப்பேர் பார்க்க, அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கிற செலின் டீச்சர் வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். கூடவே அவளிடம் தொழில் பழகுகிற தவசி அண்ணாச்சி. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

தவசி பெட்டியைத் திறந்து தூசி தட்டினார். சூடாகிற சிப்பின் மேல் புதுப் பசை தடவி, அதே விசிறியை மாட்டினார். ஓடவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"சூடு அளவோடதான் இருக்கு, டீச்சர். கம்பெனிக்காரன் கூடவே கொடுத்த விசிறி போதும். வெளியில தனியா வாங்கி மாட்டத் தேவையில்ல."

"சத்தம்?"

"இது ஒரு சத்தமா?"

கட்டிலிலிருந்து சங்கரன் கேட்டார்: "அண்ணாச்சி, இந்த வண்டி எந்த ஊருக்குப் போகுது?"

"காலம் பூரா விசில் ஊதினவருகிட்ட போய்ச் சத்தத்தைக் கேட்டேன் பாருங்க" என்றாள் டீச்சர்.

தவசிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கேலி இருக்கட்டும். கூட வந்ததா, வெளியில வாங்கினதா, எது நல்லதுன்னு நானும் வந்த நாளா கேக்கேன். ஒரு பதில் சொல்ல மாட்டேங்கீங்களே!"

டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்தாள். பாயில் உட்கார்ந்தாள். "நீங்களும் உட்காருங்க."

தவசியும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சங்கரனின் முனகல் நின்றது. வாய் லேசாகத் திறந்தது. தூங்கிப்போனார்.

"இப்ப போடுங்க, அண்ணாச்சி" என்றாள் டீச்சர், தணிந்த குரலில்.

தவசி எழுந்துபோய் சுவிட்சில் விரலை வைத்தார். வைத்த விரல் அப்படியே நின்றது.

"போடுங்க. சூடுதான் அளவோட இருக்கே."

அவர் கையை எடுத்துக்கொண்டார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படி இறங்கிக் கடைக்குப் போனார்.

கொண்டுவந்த விசிறி விரித்த கை அகலத்துக்கு இருந்தது. "பெருசு, அதனால மெதுவாச் சுத்தினாலே போதுமாம்" என்று கோமுவின் காதோரம் சொல்லிவிட்டு, ஒரு திருகு கீழே விழாமல் மாட்டினார். கோமு பாதியில் நின்ற பத்திரிகையைத் திறந்து அடித்தாள், அடித்தாள். விசிறி ஓடுகிறதா என்றே அவளுக்குச் சந்தேகம். பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது.

சங்கரன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"முருகா" என்றாள் கோமு. அதையும் வாய்க்குள்ளேயே சொன்னாள்.

வாசலுக்கு வந்ததும் தவசி கேட்டார்: "அப்போ இனிமே எல்லா வீட்டுக்கும் வெளியில வாங்கினதுதானே, டீச்சர்?"

"அடுத்த வீட்டுக்குப் போனதும் முதல்ல கொஞ்சம் உட்காருங்க, அண்ணாச்சி."

தவசி படி இறங்கிய பிறகே செருப்பை மாட்டினாராம்.

இங்கே எங்கள் வீட்டுக்குள்ளும் என் சின்ன மகன் ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்திருக்கிறான். நீங்கள் போகும்போது கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போங்கள்.