இடுப்பை அளந்த கொடி

சரக்... சரக்... சரக்...

காய்ந்த ஓடைக்குள்ளிருந்து விடியலில் இந்தச் சத்தம் கேட்டால் அந்தக் காட்டில் எல்லாரும் எழுந்துகொள்வார்கள். மண்ணாத்தாள் ஊற்றுத் தோண்டுகிறாள் என்று அர்த்தம்.

மண்ணாத்தாள் ஒரு காட்டுப்பன்றி. நல்ல பருமன். கோடை வந்தால் ஓடை மணலை மூக்கால் கிளறிக் குழி பறிப்பாள். தண்ணீர் சுரக்கும். முதலில் குட்டிகள், பிறகு பெரியவர்கள், கடைசியில்தான் அவள். மறுநாளுக்குள் மணல் சரிந்து குழி மூடிவிடும். மறுபடியும் சரக், சரக்.

அந்த வருஷம் ஓர் ஓணான் அங்கே வந்து சேர்ந்தது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும். அதனாலேயே அதற்கு எல்லாம் தெரியும் என்று பேர் வந்துவிட்டது.

"ஊற்றுக்குக் காவல் யார்?" என்று ஓணான் கேட்டது.

"மண்ணாத்தாக்காதான்," என்றது முயல்.

"இந்த உடம்பா? உடம்பைப் பார்த்தாலே குணம் தெரிந்துவிடுமே. பருத்தவர்களுக்குப் பொறுமை கிடையாது, அடக்கம் கிடையாது, பேராசை மட்டும் உண்டு. இளைத்தவர்கள் தங்கம். வேண்டுமானால் அளந்து பார்த்துவிடலாம்."

ஒரு சீந்தில் கொடியை அறுத்து வந்து மண்ணாத்தாளின் இடுப்பைச் சுற்றினார்கள். கொடி இரண்டு முழம் குறைந்தது.

"இந்த இரண்டு முழமும் பேராசை," என்று தலையாட்டியது ஓணான்.

"எங்கம்மாவுக்கும் இதே உடம்புதான், தம்பி," என்றாள் மண்ணாத்தாள். "தின்கிறது நாலு கோரைக்கிழங்கு. தண்ணியும் கடைசியாத்தானே குடிக்கிறேன்?"

"அதெல்லாம் அளவில் வராதும்மா. கொடி சொல்வதுதான் அளவு."

மண்ணாத்தாள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். இத்தனை நாள் அது வெறும் வயிறாகத்தான் இருந்தது. இன்றைக்கு ஏதோ குற்றம் செய்தது மாதிரி தொங்கியது. புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராக அளந்தார்கள். கடைசியில் மலைப்பாம்பு வந்தது. மூன்று மாதமாக அதற்கு இரை சிக்கவில்லை. கொடி ஏழு சுற்றுச் சுற்றியும் மிஞ்சியது.

"மூன்று மாதமாக வாயே திறக்கவில்லையா? என்ன அடக்கம்," என்று உருகியது ஓணான்.

"சந்தர்ப்பம் அமையவில்லை," என்றது பாம்பு.

"இவர் ஆளை முழுங்குகிறவராச்சே?" என்று முயல் மெதுவாகக் கேட்டது.

"இந்த இடுப்பை வைத்துக்கொண்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். முயலும் சிரித்தது. அன்றைக்கே பாம்பை ஊற்றுக்குக் காவல் வைத்தார்கள்.

மறுநாள் விடியலில் சத்தமே இல்லை. பாம்புக்குத் தோண்டத் தெரியாது. குழி மூடிக் கிடந்தது. முதல் ஆளாகத் தண்ணீருக்குப் போன முயலைக் காணவில்லை. பாம்பின் நடுவில் மட்டும் ஒரு மேடு.

கொடியைக் கொண்டுவந்து அளந்தார்கள். நேற்று ஏழு சுற்று வந்த இடத்தில் இன்று மூன்றுதான் வந்தது. ஓணான் வெகுநேரம் தலையாட்டியது.

"நேற்றுவரை இவர் உத்தமர். பருத்த பிறகுதான் குணம் கெட்டிருக்கிறது. என் கொடி பொய் சொல்லாது."

பாம்பு யாரையும் பார்க்காமல் பாறை இடுக்குக்கு ஊர்ந்து போனது, ஒரு மாதம் தூங்க.

வெயில் ஏறியது. குட்டிகளின் நாக்கு வெளியே தள்ளியது. வேறு வழியில்லாமல் எல்லாரும் மண்ணாத்தாளின் புதருக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"அக்கா..." என்று இழுத்தது மான். "குழி மூடிக்கிடுச்சு. முயலைப் பாம்பு முழுங்கிடுச்சு."

மண்ணாத்தாள் புதரிலிருந்து எழுந்து வெளியே வந்தாள்.

"முயலுக்குக் குட்டிங்க எத்தனை?" என்று கேட்டாள்.

"மூணு."

"முன்னால கூட்டிட்டு வா. அதுங்க முதல்ல குடிக்கட்டும்."

ஓணான் கொடியோடு ஏதோ சொல்ல வந்தது. அவள் ஒதுங்கி நடந்து ஓடைக்குள் இறங்கினாள். மணலில் மூக்கை வைத்தாள்.

சரக்... சரக்...

நீதி: ஒருவரின் உடம்பை அளந்து குணத்தைச் சொல்லாதே, அவரை நம்பிப் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று பார்.