குளம் இரண்டாகிப் போன கதை

“ஒரு எழுத்துகூடத் தப்பல டீச்சர். ஆனா குளம் ரெண்டாப் போச்சு.”

உலகநாதன் மடிக்கணினியை மேசையில் வைத்தார்.

சீடரான அவருக்கு வயது அறுபத்தொன்று. பொதுப்பணித் துறையில் குளம் குளமாக அளந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு முப்பது. பெயர் பெனாசிர். பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர், அவ்வளவுதான்.

“எந்தக் குளம் அண்ணாச்சி?”

“எங்க அல்லிக்குளம். வடகரை, தென்கரைன்னு ரெண்டு ஊரு. ஆளுக்கொரு மடை. குளம் ஒண்ணுதான்.”

“சரி.”

“தண்ணி எவ்வளவு கிடக்குன்னு ரெண்டு ஊருக்கும் போன்ல காட்ட ஒரு புரோகிராம் எழுதினேன். மூணு நாள் ராஜா மாதிரி ஓடுச்சு. வடகரைக்காரன் மடையைத் திறந்தா தென்கரை போன்லயும் குறையும். முந்தாநாள் கரண்டு போச்சு. போனா என்ன, எல்லாத்தையும் ஜேசன்ல எழுதி வச்சிருந்தேன்லா.”

ஜேசன் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கணினியின் நினைவில் இருப்பது கரண்டு போனால் போய்விடும். அதனால் இருப்பதை இருக்கிறபடி எழுத்தாக எழுதிக் கோப்பில் வைப்பார்கள். மறுபடி வேண்டும்போது கணினி அந்த எழுத்தைப் படித்து எல்லாவற்றையும் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். அப்படி எழுதும் முறைக்குத்தான் அந்தப் பெயர்.

“கரண்டு வந்ததும் படிக்க வச்சேன். ரெண்டு போன்லயும் பத்தடி. குளத்துல நட்ட அளவுகல்லுலயும் பத்தடி. நேத்து வடகரை மடையைத் திறந்தாங்க. வடகரை போன்ல எட்டடி. தென்கரை போன்ல இன்னும் பத்தடி!”

“குளத்துல?”

“எட்டு. நானே இறங்கிப் பாத்தேன்.”

“அதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்?”

“எங்க பத்தடி எங்கே, ரெண்டடியைத் திருடிட்டானுவன்னு தென்கரைக்காரங்க கிளம்பிட்டாங்க. நெல்லு பால் பிடிக்கிற நேரம். நாளைக் காலையில ரெண்டு ஊரும் கரையில கூடுது. போன வருஷம் அதே கரையிலதான் என் தம்பி மண்டை உடைஞ்சுது. மனுஷன் சொன்னா நம்ப மாட்டீங்க, மெஷின் சொன்னா நம்புங்கன்னு வாக்குக் குடுத்தது நான். பயமா இருக்கு டீச்சர்.”

பெனாசிர் கோப்பைத் திறந்து பார்த்தார்.

“தப்பே இல்லையே அண்ணாச்சி.”

“அதான் எனக்கும் புரியல! வடகரைங்கிற பேருக்குக் கீழே குளம் எழுதியிருக்கு. தென்கரைக்குக் கீழேயும் அதே குளம், அதே ஆழம், அச்சு அசலா எழுதியிருக்கு.”

பெனாசிர் முன்னால் அப்போதுதான் வந்த டீ இருந்தது. அதை மேசை நடுவில் நகர்த்தினார்.

“ஃபிலோமினா அக்கா, நீங்களும் கொஞ்சம் வாங்க.”

உடன் படிக்கும் ஃபிலோமினா எழுந்து வந்தார்.

பெனாசிர் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தார். “இந்த டீயைப் பாத்து, இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்க.”

இருவரும் எழுதினார்கள். கண்ணாடி கிளாஸ். இஞ்சி டீ. சீனி கம்மி. முக்கால் அளவு.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டியதைச் சீட்டில் எழுதி, ஜன்னல் வழியாகக் கூடையில் கீழே இறக்கினால், டீக்கடை சுடலை போட்டு எடுத்துக்கொண்டு வருவார். பெனாசிர் இரண்டு சீட்டையும் இறக்கினார்.

சுடலை இரண்டு கிளாஸோடு மாடியேறி வந்து வைத்துவிட்டுப் போனார்.

“எத்தனை டீயைப் பாத்து எழுதினீங்க அண்ணாச்சி?”

“ஒண்ணு.”

“உங்க சீட்டுல தப்பு?”

“இல்ல.”

“அக்கா சீட்டுல?”

“அதுலயும் இல்ல.”

பெனாசிர் புதிதாக வந்த ஒரு கிளாஸை எடுத்துப் பாதி குடித்தார். மற்றதன் பக்கத்தில் வைத்தார்.

மற்றது குறையவில்லை.

உலகநாதன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் தானே தட்டிக்கொண்டார்.

“அட கூறுகெட்ட மனுஷா! அப்ப எப்படித்தான் எழுதணும் டீச்சர்?”

பெனாசிர் இன்னும் இரண்டு வெற்றுச் சீட்டை நீட்டினார்.

உலகநாதன் வெகுநேரம் பேனாவைக் கடித்தார். ஒரு சீட்டில், ‘டீ எண் 7’ என்று போட்டு, கிளாஸ், இஞ்சி, சீனி எல்லாம் எழுதினார். அடுத்த சீட்டில் ‘டீ எண் 7’ என்று மட்டும் எழுதினார். நிமிர்ந்து குருவைப் பார்த்தார்.

பெனாசிர் ஜன்னலைப் பார்த்தார்.

கூடை இறங்கியது.

அது இறங்கிய கையோடு உலகநாதன் மடிக்கணினியைத் திறந்தார். குளத்தைத் தனியாக ஒரே இடத்தில் எழுதி அதற்கு ஓர் எண் கொடுத்தார். இரண்டு ஊருக்குக் கீழேயும் அந்த எண் மட்டும். எண்ணைக் கண்டால் அந்த ஒரே குளத்துக்குப் போ என்று புரோகிராமுக்கும் சொல்லி வைத்தார். எல்லாவற்றையும் அணைத்தார். மறுபடி படிக்க வைத்தார்.

வடகரை, எட்டடி. தென்கரை, எட்டடி.

சோதனைக்காக வடகரையில் ஓர் அடி குறைத்தார்.

தென்கரை, ஏழடி.

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

சுடலை மூச்சு வாங்க மாடியேறி வந்தார். ஒரு கையில் ஒற்றை டீ. மறு கையில் இரண்டு சீட்டு.

“ஒரு டீக்கு எதுக்கு அண்ணாச்சி ரெண்டு சீட்டு?”

“குடிக்கிறது ரெண்டு ஊருல்லா சுடலை.”