பனிமயம் அழித்த பெட்டி

"நேத்து நான் சரி பண்ணி வச்சத யார் அழிச்சது?"

"நான்தான்."

"ஏன்?"

"சும்மாதான்."

இஞ்ஞாசிக்குக் காது சூடேறியது. இது ஏழாவது தடவை.

எதிரே கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வரி பதில்: அந்தப் பெயரில் கண்டெய்னர் எதுவும் இல்லை.

"மறுபடி போடுங்க சார்," என்றாள் பனிமயம். சொல்லிவிட்டு நிலக்கடலை உடைக்க ஆரம்பித்தாள்.

பனிமயத்துக்குப் பத்தொன்பது வயது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். இஞ்ஞாசிக்கு முப்பத்தெட்டு. ஒன்பது வருஷம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவன். இதில் யார் குரு, யார் சீடன் என்று சொன்னால் தூத்துக்குடியே சிரிக்கும். சிரிக்கட்டும். அவளுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கரையோரம் பத்து ஊர்களில் அவள் கம்பம் நட்டு ஹார்ன் கட்டியிருந்தாள். ஒவ்வொரு ஹார்னுக்குப் பின்னாலும் கையளவு கம்ப்யூட்டர் ஒன்று. அதற்குள் ஒரு கண்டெய்னர். பேசுகிற நிரலும், அதற்குத் தேவையான சாமான் சட்டு எல்லாமும் அடைத்து மூடிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி தட்டினால் எழும்பும். ஒரு வரி தட்டினால் இல்லாமல் போகும். வானிலை எச்சரிக்கை வந்தால், எத்தனை மணிக்கு எவ்வளவு காற்று என்று அந்தப் பெட்டிதான் ஹார்ன் வழியாகத் தமிழில் சொல்லும்.

இஞ்ஞாசியின் ஊர் சிலுவைத்துறை. நாற்பத்து மூன்று வள்ளம். ஹார்ன் கிடையாது. வாடைக்காற்றுக்கு இன்னும் மூன்று வாரம்.

"எங்க ஊருக்கும் ஒண்ணு வேணும்மா," என்று கேட்டுத்தான் அவளிடம் வந்தான்.

"நீங்களே போடுங்க. போட்டதும் நான் அழிப்பேன். என் கண்ணு முன்னால மறுபடி எழுப்பிக் காட்டுங்க. அன்னைக்குக் கம்பத்துல கட்டலாம்."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தான்.

வீட்டில் கண்டெய்னர் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான். "ஹார்பர்ல எந்த கேட்டு?" என்று கேட்டாள் அவன் மனைவி. விளக்கப் பார்த்தான். பாதியிலேயே அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

பெட்டி எழும்பத்தான் செய்தது. ஹார்னும் பேசியது. நேரம்தான் தப்பு.

மதியம் பன்னிரண்டைக் காலை ஆறரை என்றது. பெட்டிக்குள் ஓடுவது நம் ஊர்க் கடிகாரம் இல்லை. ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிற வெளிநாட்டுக் கடிகாரம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அடிக்கப் போகிற காற்றை, பன்னிரண்டு மணிக்கு என்று ஹார்ன் சொல்லும். பன்னிரண்டு மணிக்குக் கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கும். ஊரே ஹார்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வள்ளத்தைத் தள்ளும். ஐந்தரைக்கு நடுக்கடலில் நிற்கும்.

அதனால் இஞ்ஞாசி என்ன செய்வான் என்றால், ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிக்குள் கட்டளை கொடுத்து நுழைவான். உள்ளே ஒவ்வொரு ஃபைலாகத் தேடுவான். நேரத்தை மாற்றுவான். வெளியே வருவான். ஹார்ன் சரியாகச் சொல்லும்.

மறுநாள் வந்து பார்த்தால் பெட்டியே இருக்காது. உள்ளே அவன் கையால் செய்ததும் அதோடு போயிருக்கும். புதுசாக எழுப்பினால் மறுபடி பழைய கடிகாரம்.

எட்டாம் நாள் மனப்பாடமாகிவிட்டது. விரல் தானாக ஓடியது.

"நாலு நிமிஷம்! பாத்தியா?"

"பாத்தேன் சார். நல்ல வேகம்."

ஒரு வரி தட்டினாள். போயிற்று.

ஒன்பதாம் நாள் இஞ்ஞாசி புத்திசாலியானான். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் வந்தபோது பனிமயம் அந்தக் கம்ப்யூட்டரின் மெமரி கார்டை உருவிக் கையில் வைத்திருந்தாள். புதுக் கார்டு ஒன்றை அவன் முன்னால் போட்டாள்.

"இது அநியாயம்," என்றான்.

"கரையில உப்புக் காத்து சார். கார்டு ஆறு மாசம் தாங்குனா அதிசயம். அதுகிட்டப் போய் அநியாயம்னு சொல்லுவீங்களா?"

பத்தாம் நாள் அவன் கீபோர்டைத் தள்ளிவிட்டான்.

"சொல்லித்தான் தாயேன். என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க ஒரு தடவை கேட்டா நான் மூணு தடவை சொல்லித் தருவேன்."

"அதான் அதுகளுக்கு ஒண்ணும் தெரியல."

"திமிரு."

"ஆமா."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே டீக்கடை.

"செல்லையாண்ணே! ரெண்டு டீ! ஒண்ணுல சீனி வேண்டாம்!"

டீ வந்தது. ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். மற்றதை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"டீ யார் கேட்டா?"

"குடிங்க சார்."

குடித்தான். முகம் சுளித்தான்.

"சீனி இல்லாதத எனக்குக் குடுத்துட்ட."

"அப்ப கீழ போங்க. கடைக்குள்ள நுழைஞ்சு, டப்பாவத் தேடி, நீங்களே அள்ளிப் போட்டுக்கங்க."

கோபத்தில் எழுந்தேவிட்டான். கிளாஸோடு வாசல் வரை போனான்.

வாசலில் நின்றான்.

டீ கேட்கும்போதே சீனி வேண்டாம் என்று அவள் ஜன்னலில் நின்றே சொன்னது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். கீபோர்டை இழுத்தான். பெட்டிக்குள் போகவில்லை. பெட்டியை எழுப்புகிற அந்த முதல் வரியை எழுதினான். அதிலேயே பெயர் சொன்னான். கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பு என்றான். எச்சரிக்கை வந்து விழுகிற ஃபோல்டரை வெளியிலிருந்து இணைத்தான். நேரம் இந்திய நேரம் என்று அந்த வரியிலேயே சேர்த்தான்.

எண்டர்.

ஹார்ன் சொன்னது: "இப்போது நேரம் காலை பதினொன்று இருபது."

பனிமயம் அழித்தாள். அவன் அதே வரியைத் தட்டினான். பதினொன்று இருபத்தொன்று. அழித்தாள். தட்டினான். கார்டை மாற்றினாள். தட்டினான். ஐந்து தடவை. ஆறாவது தடவை அவள் கை கடலைப் பொட்டலத்துக்குப் போனது.

"கம்பத்துல கட்டுங்க," என்றாள்.

டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தான். சீனி கேட்கவில்லை.

சிலுவைத்துறையில் கட்டினார்கள். மீனவர் சங்க ஆபீஸுக்குள் கம்ப்யூட்டர், வெளியே கம்பம். ஆபீஸைப் பார்த்துக்கொள்வது ரெஜினாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, டைப் அடிக்கத் தெரியும். அதனால் இஞ்ஞாசி அந்த வரியைச் சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினான். கார்டு கெட்டதா, புதுக் கார்டைச் செருகு. சுவரைப் பார்த்து அப்படியே அடி. ஹார்ன் பேசும்.

வரியின் கடைசியில் ஓர் எண்: அறுபத்தைந்து. காற்று அதற்கு மேல் போனால்தான் ஹார்ன் வாய் திறக்கும். கம்பத்தில் கட்டுகிற அன்று பனிமயம் காட்டிய தன் வரியில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருந்தான்.

ஊர்க்கூட்டம் போட்டுக் கட்டுப்பாடும் வைத்தார்கள். ஹார்ன் பேசினால் ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது. ஹார்ன் பேசாவிட்டால் ஒருத்தரும் ஒருத்தரைத் தடுக்கக் கூடாது. காரணம் இருக்கிறது. இதற்கு முன்னால் காத்து வருது, காத்து வருது என்று மற்றவனைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் போய் மீன் அள்ளி வந்த ஆட்கள் அந்த ஊரில் உண்டு. வாய்ச் சொல்லை இனி யாரும் நம்புவதாக இல்லை.

மூன்று வாரம் ஹார்ன் சும்மா இருந்தது. கடலும் சும்மா இருந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. இஞ்ஞாசியின் போனில் எச்சரிக்கை வந்தது. சாயங்காலம் ஐந்தரை முதல் காற்று. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம்.

ஹார்னைப் பார்த்தான். அதன் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. பறக்கவில்லை.

கரையில் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு ஏற்கெனவே தண்ணீரில்.

ஓடினான். "போவாதீங்க! காத்து வருது!"

"ஹார்ன் பேசுச்சா?" என்றார் ஒருத்தர், கையை எடுக்காமல்.

"இல்ல, ஆனா..."

"அப்ப நகரு. உன் மச்சான் வள்ளம் மட்டும் போவணுமோ?"

ஆபீஸுக்கு ஓடினான். பின்னாலேயே சங்கத் தலைவர் தொபியாஸ் மூச்சு வாங்க வந்தார். இஞ்ஞாசி பனிமயத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஐம்பத்தஞ்சு வந்திருக்கு. ஹார்ன் பேசல."

"வரில காத்து எவ்ளோ போட்டீங்க?"

"அறுபத்தஞ்சு. நீ வச்சிருந்தபடிதான்."

அந்தப் பக்கம் கடலை உடைக்கிற சத்தம் நின்றது. பிறகு வந்த குரல் அவன் கேட்டறியாத குரல்.

"சார், அது எங்க ஊரு விசைப்படகுக்கு. வள்ளம் அம்பதுலயே கவுந்துரும். உங்களுக்கு நாப்பத்தஞ்சு. நான் சொல்லிருக்கணும். சார், எத்தன பேர் இறங்கிட்டாங்க?"

"ரெண்டு வள்ளம். மத்தது தள்ளிட்டிருக்கு."

"உள்ள போங்க."

"என்னது?"

"பெட்டிக்குள்ள போங்க சார்! ஃபைலத் தேடி நாப்பத்தஞ்சுன்னு மாத்துங்க. உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே. கையால மாத்துங்க. பேச வைங்க. மத்தத நாளைக்குப் பாத்துக்கலாம்!"

இஞ்ஞாசி போனை மேஜையில் வைத்தான். எழுந்தான்.

"எங்கல போற?" என்று கத்தினார் தொபியாஸ்.

ரெஜினாளின் கையிலிருந்த மார்க்கர் பேனாவைப் பிடுங்கினான். சுவருக்குப் போனான். அறுபத்தைந்தை அடித்தான். மேலே நாற்பத்தைந்து என்று எழுதினான். பெரிசாக.

"ஆளு சாவப் போறான், இவன் செவத்துல கிறுக்கிட்டு நிக்கான்! ஏல, உக்காரு! அந்தப் பிள்ள சொல்லுததச் செய்யி!"

உட்கார்ந்தான். பெட்டியை அழித்தான்.

"ஐயோ, இருந்ததையும் அழிச்சுப்புட்டாரே!" ரெஜினாள் தலையில் கை வைத்தாள்.

சுவரைப் பார்த்தான். எழுத்து எழுத்தாக அடித்தான். தொபியாஸ் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். அப்படியே அடித்தான். கடைசி எண்ணுக்கு வந்தான். இன்னொரு தடவை சுவரைப் பார்த்தான். நாலு. அஞ்சு.

எண்டர்.

வெளியே கரகரவென்று ஒரு சத்தம். காக்கா பறந்தது.

"கவனிக்கவும். இன்று மாலை ஐந்து முப்பது மணி முதல், ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்..."

காலரிலிருந்து கை விலகியது. தொபியாஸ் வாசலுக்கு ஓடினார். கரையில் தள்ளிக்கொண்டிருந்த கைகள் நின்றன. தண்ணீரில் இருந்த ரெண்டு வள்ளத்தில் ஒன்று முன்பக்க அணியத்தைக் கரைப் பக்கம் திருப்பியது. மற்றது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அதுவும் திருப்பியது.

மேஜையில் போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"சார்! ஹார்ன் சத்தம் கேக்குது! பேசிருச்சா? உள்ள போயி மாத்திட்டீங்களா?"

இஞ்ஞாசி போனை எடுத்தான்.

"உள்ள போகல. வரியையே மாத்திட்டேன், இனி கார்டு போனாலும் நாப்பத்தஞ்சுதான்."