காப்பு நகல்

துறைமுக ஊர் ஒன்றில் பூரணவல்லி என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். பேச்சு குறைவு. கேட்டதற்கு உடனே பதில் வராது; வந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் மிஞ்சாது என்று கோர்ட் வளாகத்தில் சொல்வார்கள். அவரிடம் தொழில் பழகிய ஜூனியர் ஞானதிரவியம். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருடம் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுக் கரையேறி, சட்டம் படித்து, கறுப்பு கவுன் போட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை ஞானதிரவியம் அலுவலகத்துக்குள் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க சார்.”

“ஒருத்தர் வீடியோ கேம் சிடி நிறைய வாங்கி வச்சிருக்காரு. எல்லாம் ஒரிஜினல். கெட்டுப்போயிருமோன்னு எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சிருக்காரு. அது குற்றமா?”

பூரணவல்லி அலமாரியிலிருந்து பதிப்புரிமைச் சட்டப் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைப் பிரித்து அவர் பக்கமாகத் தள்ளினார்.

“சத்தமா படிங்க. தமிழ்ல சொல்லுங்க.”

ஞானதிரவியம் தட்டுத்தடுமாறிச் சொன்னார். கணினி நிரலை முறைப்படி கைவசம் வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பழுதானாலோ உதவட்டும் என்று, தற்காலிகக் காப்பாக மட்டும் நகல் எடுத்தால், அது உரிமை மீறல் ஆகாது.

“அப்போ, காப்பி எடுத்தது சரிதானே?”

“எடுக்கலாம். சிடியில பூட்டு இருந்து, அதை உடைச்சு எடுத்திருந்தா அது தனி வாதம். எதுக்காக உடைச்சார்னு கேப்பாங்க.”

“கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் மேடம். வேற எதுக்கும் இல்ல.”

சொன்ன பிறகுதான் தன் குரல் உயர்ந்திருப்பது அவருக்கே கேட்டது. பூரணவல்லி புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார்.

அந்த ஒருத்தர் ஞானதிரவியமேதான். கப்பல் நின்ற துறைமுகங்களில் எல்லாம் கடை தேடிப் போய் வாங்கிய நாற்பத்தொரு சிடிகள். ஆறு மாதம் கரையே தென்படாத நாட்களில் அவருக்குப் பைத்தியம் பிடிக்காமல் காத்தவை அவை. உப்புக்காற்றில் ஒன்றிரண்டு பூஞ்சை பூத்துப்போனதும் பயந்து எல்லாவற்றையும் காப்பி எடுத்தார். சிடி வாங்கிய ரசீதுகள்கூட இருந்தன.

இப்போதைய பயம் வேறு. சனிக்கிழமை மதியம் பேருந்து நிலையத்துப் பக்கம் கேம் மெஷின் பழுது பார்க்கும் ஜெபஸ்டினின் கடைக்குள் போலீஸ் நுழைந்தது. பென் டிரைவில் திருட்டு கேம் ஏற்றி விற்றான் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் ஞானதிரவியத்தின் ஹார்ட் டிஸ்க் நான்கு நாள் அந்தக் கடையில்தான் இருந்தது.

ஹார்ட் டிஸ்கை முதலில் டிரங்குப் பெட்டியில் வைத்தார். மறுநாள் கோதுமை மாவு டப்பாவுக்குள் புதைத்தார். அதுவும் சரியாகப் படாமல், மோட்டார் அறையில் பழைய சாக்குக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். தெருவில் பைக் நின்றால் கை சோற்றிலேயே நின்றது.

“புயல்ல கப்பல் சாஞ்சப்பகூட சிரிச்சிக்கிட்டே போன் பண்ணுன மனுஷன், இப்ப கதவு சத்தத்துக்கு இந்த நடுங்கு நடுங்குதீய. என்ன செஞ்சிய?” என்று மனைவி ரோசம்மாள் கேட்டாள்.

“ஒண்ணும் செய்யல” என்றார். அதுதான் உண்மை என்றும் தோன்றியது. அது உண்மை இல்லை என்றும் தோன்றியது.

புதன்கிழமை பூரணவல்லியின் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் எஸ்தர். ஜெபஸ்டினின் மனைவி.

“ஜாமீன் கிடைக்கலை மேடம். பழைய வக்கீலு கைய விரிச்சிட்டாரு. போலீஸ் சொல்லுதாக, இவருக்குப் பின்னால பெரிய கும்பல் இருக்காம், வெளிய விட்டா அவங்கள உஷார்படுத்திருவாராம். கேம் எல்லாம் யாரு கொடுத்தான்னு மட்டும் சொல்லச் சொல்லுதாக. இவரு வாயத் திறக்க மாட்டேங்காரு.”

“உங்ககிட்டயாவது சொன்னாரா?”

“இல்ல மேடம். ‘அவரு என்னை நம்பிக் கொடுத்தாரு, அவரைக் காட்டிக் கொடுக்கமாட்டேன்’னு மட்டும் சொல்லுதாரு.”

குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த ஞானதிரவியம் எழுதுவதை நிறுத்தினார். எஸ்தர் அவரைப் பார்த்தாள். அவளுக்கு அவரைத் தெரியாது. ஆனாலும் அந்தப் பார்வை தன் மேலேயே நிற்பதாக அவருக்குப் பட்டது.

“சார்,” என்றார் பூரணவல்லி, “ஜெயிலுக்குப் போய் வக்காலத்துல கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க.”

“நானா மேடம்?”

“வேற யார் இருக்கா?”

சிறை வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது. பெயர், விலாசம், யாரைப் பார்க்க வந்தீர்கள். தன் பெயரையும் ஜெபஸ்டின் பெயரையும் ஒரே வரியில் எழுதும்போது ஞானதிரவியத்தின் கை நின்றுவிட்டது. “எழுதுங்க சார், பின்னால ஆள் நிக்காங்க” என்றார் காவலர். எழுதினார். எழுத்து அவருடையது மாதிரியே இல்லை. திண்டுக்கல் பூட்டு ஒன்று திறந்தது. அவர் உள்ளே போனதும் பின்னால் பூட்டிக்கொண்டது. திரும்பி அந்தப் பூட்டையே பார்த்தார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஜெபஸ்டின் வந்தான். ஐந்து நாளில் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. கவுன் போட்டிருந்தவரை ஒரு நொடி அடையாளம் தெரியாமல் பார்த்தான். பிறகு வலைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தான்.

“அண்ணாச்சி, நீங்களா? பயப்படாதீய. நான் உங்க பேரைச் சொல்லமாட்டேன்.”

ஞானதிரவியத்தின் மனதில் அப்போது முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டு அவருக்கு அதுவரை இருந்ததைவிட அதிகமாகப் பயம் வந்தது. கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பேருந்து ஏறவில்லை. மூன்று மைலும் வெயிலில் நடந்தார்.

அலுவலகத்தில் பூரணவல்லி மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கையெழுத்து போட்டாரா?”

“போட்டான்.”

“என்ன சொன்னார்?”

ஞானதிரவியம் வக்காலத்தை மேசையில் வைத்தார். “மேடம், திங்கட்கிழமை நான் ஒருத்தரைப் பத்திக் கேட்டேன்லா…”

“தெரியும் சார். அடுத்தவங்களுக்காகச் சட்டம் கேக்கிறவங்களுக்குக் குரல் உயராது.”

“ஆனா இது தெரியாது.” அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “மெஷின் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது டிஸ்கையும் சேர்த்துக் கொடுத்தேன், போட்டுப் பாக்கட்டும்னு. திரும்ப வாங்கப் போனப்போ, ‘அண்ணாச்சி, இதுல உள்ளத நான் கொஞ்சம் எடுத்துக்கிடட்டுமா, கடைக்கு ஆள் வரும்’னு கேட்டான்.”

“நீங்க?”

“சரின்னும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல.”

“என்ன செஞ்சீங்க?”

“சிரிச்சேன்.”

பூரணவல்லி பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். வக்காலத்தை ஜெபஸ்டினின் காகிதங்களோடு சேர்த்து நாடா போட்டுக் கட்டினார்.

“நீங்களும் இந்த கேஸ்ல ஒரு ஆளாயிட்டீங்க; இந்தக் கட்டு இனிமே இங்க இருக்கக் கூடாது. எதிர்த்த கட்டடத்துல வக்கீல் ராஜகம்பீரம் சார்கிட்ட நானே கொண்டுபோய்க் கொடுத்துர்றேன். எஸ்தர்கிட்டயும் பேசிடுறேன்.”

“நான் போலீஸ்ல போய்ச் சொன்னா அவன் வெளிய வந்துருவானா?”

“வித்தது வித்ததுதான். அதுக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா கும்பல் ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சிரும், ஜாமீன் கிடைக்கலாம்.”

“எனக்கு என்ன ஆகும்?”

“தெரியாது.”

“கவுன் போயிருமா மேடம்?”

“போகலாம்.”

ஞானதிரவியம் காத்திருந்தார். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தார். பூரணவல்லி கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஞானதிரவியம் வந்தார். வெள்ளைச் சட்டை மட்டும். கவுன் இல்லை. ஒரு கையில் நாற்பத்தொரு சிடிகளும் ரசீதுகளும் இருந்த பை. இன்னொரு கையில் ஹார்ட் டிஸ்க். சாக்குத் தூசியைக்கூடத் துடைக்கவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரோசம்மாள் கத்தவில்லை. “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னாள்.

“நானும் வாசல் வரைக்கும் வர்றேன்” என்றார் பூரணவல்லி.

இருவரும் நடந்தார்கள். வழியில் தெரிந்தவர்கள் வணக்கம் வைத்தார்கள். ஞானதிரவியத்தின் இரு கையிலும் சுமை. தலையை மட்டும் அசைத்தார். காவல் நிலையம் வந்தது. வாசலில் நின்ற ஜீப்பைக் கண்டதும் நின்றேவிட்டார்.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“நான் திருடல. யார் பொருளையும் எடுக்கல. ஒவ்வொண்ணும் நான் வாங்கினது. சொந்தமா வாங்கினதுக்குத்தான் ஒரு காப்பி.” அவர் ஹார்ட் டிஸ்கை உயர்த்திக் காட்டினார். “அதை வச்சிருந்தது தப்பா மேடம்?”

பூரணவல்லி அவர் கையிலிருந்த ஹார்ட் டிஸ்கைப் பார்த்தார்.

“உங்ககிட்டயே வச்சிருந்தா தப்பில்ல சார்.”

ஞானதிரவியம் கையைத் தாழ்த்தினார். பிறகு படியேறினார்.