ஆள் பார்க்கப் போன அரசர்

வேலங்குறிச்சி மன்னர் குலசூரியருக்கு எறிபந்து என்றால் உயிர். தேங்காய் நார் அடைத்த தோல்பந்தை ஒருவன் எறிவான்; எதிரணிக்காரன் அதைக் கட்டையால் விளாசுவான். ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவில் பக்கத்து நாடான கரும்பாறையோடு போட்டி. நாள் முழுக்க நடக்கும் ஆட்டம் என்பதால் ஒருவன் கை ஓய்ந்தால் அடுத்தவன் வரவேண்டும். நல்ல எறிகாரர்கள் நாலைந்து பேராவது இல்லாவிட்டால் கதை கந்தல்தான்.

அந்த ஆண்டு வேலங்குறிச்சியின் எறிகாரர்கள் எல்லாம் வைத்தியர் வீட்டில் கிடந்தார்கள். ஒருவனுக்குத் தோள் வீக்கம். ஒருவனுக்கு முழங்கை பிசகல். மிச்சமிருந்த மாடக்கண்ணு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்துகொண்டிருந்தான். எங்கே? அரசரின் சாப்பாட்டு மண்டபத்துக்கு எதிரே.

"இன்னும் ஒன்று!" என்றார் அரசர், இட்டிலியை விழுங்கியபடி.

எதிரே ஒருவன் எறிந்து காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. விருந்தாளி வந்தாலும் எறியவேண்டும். வராவிட்டாலும் எறியவேண்டும்.

மாடக்கண்ணு எறிந்தான். "ஐயோ!" என்று தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன தளபதியாரே, நம் ஆட்களின் கைகள் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றனவே?"

தளபதி வயிரக்கண்ணர் மீசையைத் தடவினார். "இந்த ஆண்டுக் காற்று சரியில்லை, அரசே."

அரண்மனை விகடர் சாத்தப்பருக்குக் காரணம் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அரசரிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன பழைய விகடர், இப்போது யானைக் கொட்டடியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

"திருவிழாக் கொடி ஏறும்வரை இரு நாடுகளும் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாமே" என்று தளபதி தொடர்ந்தார். "ஏறிவிட்டால் முடியாது. கரும்பாறை மன்னர் அதிரவர்மர் ஓர் எறிகாரனைத் தருகிறாராம். பதிலுக்கு நம் பட்டத்து யானை வேண்டுமாம். கொடுத்துவிடுவோம்."

"அப்புறம் திருவிழாவுக்கு நான் எதன்மேல் வருவது? உம் முதுகிலா?"

அரசர் சட்டென்று சாத்தப்பர் பக்கம் திரும்பினார்.

"எல்லாவற்றுக்கும் வாயாடுகிறவர் நீர்தானே? யானையைக் கொடுக்கக் கூடாது. வேறெதையும் கொடுக்கக் கூடாது. ஆனால் போட்டியன்று எனக்கு எறிகாரர்கள் குறையக் கூடாது. குறைந்தால் மைதானத்தில் நீரே இறங்கி எறிவீர்!"

அவை முழுக்கச் சிரிப்பு. சாத்தப்பர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினாலே பாதி தம் வேட்டியில்தான் விழும். போதாததற்கு, கரும்பாறைக்காரர்கள் அடிக்கும் பந்து நேரே எறிந்தவனின் முகத்துக்கு வரும்.

"இப்போதே கையை நீவிக்கொள்ளும்" என்று தளபதி காதோரம் சொன்னார். "மூக்கையும்."

சாத்தப்பர் கும்பிட்டார். "ஆகட்டும் அரசே. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது யார்? தளபதியாருக்குக் குதிரையைத் தெரியும், கையைத் தெரியாது. எனக்குக் குதிரையும் தெரியாது. எறிகிறவனின் தோளைப் பார்த்தே தரம் சொல்லும் கண் இந்த நாட்டில் ஒருவருக்குத்தான் உண்டு."

"யாருக்கு?" என்றார் அரசர், விடை தெரிந்த முகத்தோடு.

"தாங்களே நேரில் போய் ஆள் பாருங்கள். யானையைப் பற்றி ஆம் என்றும் சொல்லவேண்டாம், இல்லை என்றும் சொல்லவேண்டாம். எல்லோரையும் எறியச் சொல்லுங்கள். மனம் நிறையும்வரை விடாதீர்கள்."

அன்று மாலையே பல்லக்கு கிளம்பியது. சாத்தப்பரும் கூடப் போனார்.

யானை ஆசையில் அதிரவர்மர் தம் எறிகாரர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினார். குலசூரியர் இலை முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னும் ஒன்று! இவன் காலை ஊன்றுவது சரியில்லை. இன்னும் ஒன்று! அவன் தேவலை. எங்கே, இன்னும் ஒன்று!"

காலையில் எறிந்தார்கள். மத்தியானம் எறிந்தார்கள். மாலைப் பலகாரத்துக்கும் எறிந்தார்கள். மறுநாளும் அதே கதை. பத்து நாள் இப்படியே ஓடியது.

அதிரவர்மர் சாத்தப்பரைத் தூணோரம் இழுத்தார். "உங்கள் அரசர் எப்போதுதான் முடிவெடுப்பார்?"

"நெருங்கிவிட்டார், மன்னா. தூக்கத்தில்கூட உங்கள் ஆட்களின் பெயரைத்தான் சொல்கிறார்."

"யானை எப்படி இருக்கிறது?"

"சௌக்கியம். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது."

அதிரவர்மர் பூரித்துப்போனார். "எறியுங்களடா! நன்றாக எறியுங்கள்!" என்று தம் ஆட்களைத் தாமே விரட்டினார்.

கொடியேற்றத்துக்கு முந்திய நாள் குலசூரியர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"புலி மாதிரி எறிந்தவர்கள் எல்லாம் பூனை மாதிரி எறிகிறார்கள்! ஒருவனும் தேறமாட்டான். இவர்களுக்கு யானையின் வாலைக்கூடக் கொடுக்க முடியாது. சாத்தப்பரே, வெறுங்கையோடு திரும்புகிறோம். மைதானத்தில் இறங்கத் தயாராகும்!"

கொடி ஏறிய மறுநாளே போட்டி. வேட்டியை மடித்துக் கட்டியபடி சாத்தப்பர் வைத்தியர் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. மாடக்கண்ணு கையைச் சக்கரமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். சாத்தப்பர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அன்று வேலங்குறிச்சிக்காரர்கள் எறிந்த பந்து கட்டைக்காரர்களின் கண்ணிலேயே படவில்லை. கரும்பாறையின் முதல் எறிகாரன் கையைத் தூக்கினான்; தூக்கிய கை இறங்கவில்லை. இரண்டாமவன் எறிந்த பந்து பாதி வழியில் படுத்துக்கொண்டது. கடைசியில் அவர்களுடைய சமையல்காரர் எறிய வந்தார். உச்சிவேளைக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"வைத்தியருக்குப் பொற்கிழி!" என்று கூவினார் அரசர்.

"வேண்டாம் அரசே" என்றார் வைத்தியர். "நான் ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தடவவில்லை. பையன்கள் சும்மா படுத்திருந்தார்கள். தானாகவே சரியாகிவிட்டது."

"பிறகு எப்படி? நம் கைகள் தேறின, அவர்கள் கைகள் ஓய்ந்தன. சாத்தப்பரே, என்ன செய்தீர்?"

"தாங்கள் இங்கே இருந்தீர்கள், இங்கே வலித்தது. அங்கே போனீர்கள், அங்கே வலித்தது. அவ்வளவுதான், அரசே."

தளபதி இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.

"அப்படியானால் நான் என்ன நோயா?" என்று கர்ஜித்தார் அரசர்.

"நம் ஊரில் இருந்தால் நோய், அரசே. பக்கத்து ஊரில் இருந்தால் மருந்து."

அரசரின் மீசை துடித்தது. உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பர் கழுத்தில் போட்டார்.

"அடுத்த ஆண்டு நான் எந்த ஊருக்கு மருந்து என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடும்!"