மயிலையின் மேல்வரிசைப் பல்

ஆடு மாடெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஆற்றங்கரைப் புங்கமரத்தடியில் மயிலை என்றொரு பசு இருந்தாள். அப்போது மாட்டுக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு.

மயிலைக்கு எதற்கெடுத்தாலும் கவலை. மழை வந்தால் கன்று நனையுமோ, வராவிட்டால் புல் காயுமோ. போதாததற்கு, அதே மரத்தடியில் வெள்ளையன் என்ற கழுதை. கன்று கண்ணயரும் நேரம் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவான். கன்று தூக்கிவாரிப் போட்டு எழும். ஒரு வார்த்தை கேட்டால் சண்டையாகிவிடுமே என்று மயிலை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள். அந்தப் பழக்கம் தூக்கத்திலும் விடவில்லை. கண்ணை மூடினாலே நறநற.

அவள் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனாதான் கேட்டது: "கனவுல யாரைக்கா மெல்லுறே? என் காலெல்லாம் அதிருது!"

"நானா? நிம்மதியாத் தூங்குறேனே."

"எழுந்தா தாடை வலிக்குதா?"

"வலிக்குது. புல்லு முத்தல்னு நினைச்சேன்."

"புல்லு இல்லக்கா, கழுதை. அவன்கிட்ட சொல்லித் தொலையேன்."

"வேண்டாம்மா, எதுக்கு வம்பு?"

ஒரு மத்தியானம் மயிலை விழித்துப் பார்த்தால், பக்கத்தில் கன்றைக் காணோம். அது வெள்ளையனின் வயிற்றோரம் சுருண்டு கிடந்தது. அவன் கத்தலைக்கூடத் தாங்கிய பிள்ளைக்கு, தாயின் நறநற தாங்கவில்லை.

மயிலைக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கடித்தாள். மேல்வரிசை முன்பல் மொத்தமும் பொலபொலவென்று புல்லில் உதிர்ந்தது.

கடிக்கப் பல் இல்லாதபோது வார்த்தை தானாக வெளியே வந்தது. "நீ கத்திக் கத்தித்தானேடா என் பிள்ளை தூங்கல!"

வெள்ளையன் திருதிருவென்று விழித்தான். "அட, முதல் நாளே சொல்லக் கூடாதா? அக்கரையில போய்க் கத்தியிருப்பேனே!" எழுந்து போயே விட்டான்.

ஆனால் பழகிய தாடை சும்மா இருக்கவில்லை. "இறுக்காதேக்கா," என்றது மைனா. "தாடையைத் தளர விடு. தின்னதைக் கொஞ்சம் மேலே எடுத்து, பக்கவாட்டுல மெதுவா மெல்லு."

மயிலை மென்றாள். அந்த மெத்தென்ற சத்தம் கேட்டுக் கன்று திரும்பி வந்து, அவள் கழுத்தடியில் தலை வைத்துத் தூங்கியது.

மாட்டுக்கு மேலே முன்பல் இல்லாமல் போனதும், வயிறு நிறைந்தபின் நிழலில் படுத்து அசைபோடுவதும் அன்று முதல்தான். கழுதையோ இன்றும் தோன்றியதை அப்போதே கத்தித் தீர்த்துவிடுகிறது. அதன் வாயைப் பாருங்கள், இரண்டு வரிசையும் அப்படியே இருக்கும்.