கரடியின் ராஜக் கட்டி

மூங்கில்மடுக் காட்டில் கரியப்பன் என்றொரு கரடி இருந்தது. அதுதான் அந்தக் காட்டுக்குத் தலைவன். பெரிய அறிவாளி ஒன்றுமில்லை. ஆனால் பின்னங்கால்களில் எழுந்து நின்று ஓர் உறுமல் உறுமினால் போதும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிறுத்தை, காட்டின் நடுவே இருந்த நீர்மடுவை எட்டிக்கூடப் பார்க்காது. மானும் முயலும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்ததெல்லாம் அந்த உறுமலை நம்பித்தான்.

மலையடிவாரத்தில் மனிதர்கள் வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்று இருந்தது. கொப்பரையில் அடிப்பிடித்த பாகைச் சுரண்டி, வேலியோரப் பள்ளத்தில் கொட்டுவார்கள். ஒரு நாள் நாசூக்கன் என்ற நரி அதைத் தேக்கிலையில் அள்ளி வந்து கரடியின் முன்னே வைத்தது.

"தலைவரே, கறையான் தின்கிற வாயா இது? இதைக் கொஞ்சம் நக்கிப் பாருங்கள்!"

கரடி நக்கியது. கண்ணை மூடிக்கொண்டது. இலையையும் சேர்த்துத் தின்றது.

அன்றோடு கறையான் புற்று, அத்திப்பழம், கிழங்கு எல்லாம் அதற்குக் கசந்துவிட்டன. விடிந்தால் பாகு, பொழுது சாய்ந்தால் பாகு. கொண்டுவந்து கொடுத்த நரிக்குத் தலைவரின் வலப்பக்கத்தில் இடம். காட்டில் ஒரு முயலைக் காணோம் என்றாலும் நரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது!

மழைக்காலங்கள் வந்து போயின. கரடியின் விரல்கள் மடங்க மறுத்தன. முதுகு விறைத்தது. காலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை. அந்தக் காட்டின் வைத்தியர் ஈட்டியம்மாள் என்ற முள்ளம்பன்றி. அது வந்து புண்ணை முகர்ந்தது. மூட்டுகளை அழுத்திப் பார்த்தது.

"தலைவரே, பாகை நிறுத்துங்கள்."

"குத்தியது முள், பழி பாகின் மேலா?" என்றது கரடி. "அது சரி, முள்ளம்பன்றி முள்ளை விட்டுக்கொடுக்குமா!"

சுற்றியிருந்த பிராணிகள் விழுந்து விழுந்து சிரித்தன. முள்ளம்பன்றி சிரிக்கவில்லை.

"நம் உடம்பைக் கட்டி வைத்திருப்பவை புரத இழைகள். இரத்தத்தில் இனிப்பு அளவுக்கு மிஞ்சினால், அது அந்த இழைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இழை விறைக்கும், கெடும். கருகிய பாகிலோ அப்படிக் கெடுக்கும் சரக்கு ஏற்கெனவே கலந்திருக்கிறது. உடம்பு இதைக் காயம் என்று நினைத்து உள்ளே தணியாமல் கனன்றுகொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் கனன்றால் அங்கே புற்று முளைக்கவும் வழியுண்டு."

"புற்றா!" கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. "அடி பைத்தியமே! புற்றை உடைத்துத் தின்றே வளர்ந்த குலம் எங்களுடையது!"

"மண்ணில் இருக்கும் புற்றை நீங்கள் உடைப்பீர்கள். உடம்பில் வரும் புற்று உங்களை உடைத்துவிடும்."

நரி குறுக்கே புகுந்தது. "வைத்தியரே, பாகு தின்றால் புற்று வந்தே தீருமா? ஒரே வார்த்தையில் சொல்லும்!"

"வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. தின்றும் வராதவர் உண்டு. தின்னாமலே வந்தவரும் உண்டு. ஆபத்து கூடும் என்றுதான் சொல்வேன்."

"கேட்டீர்களா! இதற்கே தெரியவில்லை!" என்று நரி கூவியது. "எனக்குத் தெரியும், தலைவரே. வராது. வரவே வராது!"

கரடிக்கு எந்த வைத்தியம் பிடித்தது என்று சொல்லவும் வேண்டுமா? தெரியாததைத் தெரியாது என்று சொன்ன வைத்தியரை விரட்டிவிட்டு, தெரியாததைத் தெரியும் என்று சொன்ன நரியைத் தட்டிக்கொடுத்தது.

அடுத்த கோடையில் கரடியின் விலாவுக்குக் கீழே ஒரு கட்டி தடித்தது. முதலில் நெல்லிக்காய் அளவு. பிறகு விளாம்பழம் அளவு. கரடி உள்ளுக்குள் நடுங்கியது. நரியைத் தனியே அழைத்துக் காட்டியது.

"வைத்தியரைக் கூப்பிடலாமா?"

நரிக்கும் திக்கென்றது. ஆனால் வைத்தியர் வந்தால் பாகு போகும். பாகு போனால் தன் பதவியும் போகும்.

"ஐயோ, தலைவரே! இதையா மறைக்கிறீர்கள்? இது ராஜக் கட்டி! ஆயிரத்தில் ஒரு கரடிக்குத்தான் வாய்க்கும்!"

மறுநாள் கரடி, கட்டி எல்லோருக்கும் தெரியும்படி சாய்ந்து உட்கார்ந்தது. "என்ன வடிவு! என்ன திரட்சி!" என்று காட்டுப்பன்றி உருகியது. குரங்கு அதற்கும் ஒரு படி மேலே போயிற்று. களிமண்ணை உருட்டி, பாகு தடவி, தன் விலாவில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து எல்லாம் ஒட்டிக்கொண்டன. கட்டி இல்லாத பிராணியைத் துரோகி என்று ஏசின. பாவம், மான்கள்கூட ஒவ்வொன்று ஒட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றன!

கரடி இளைத்தது. உறுமல் இருமலாயிற்று. அந்தச் சத்தம் மலையைத் தாண்டிப் போயிற்று.

ஒரு மாலையில் சிறுத்தை மடுவுக்கே வந்துவிட்டது.

"தலைவரே, எழுந்து நில்லுங்கள்!" என்று மான்கள் கதறின.

கரடி எழ முயன்றது. விறைத்த கால்கள் வளையவும் இல்லை, நிமிரவும் இல்லை. கட்டி உள்ளே பிடுங்கியது. அப்படியே சரிந்து விழுந்தது.

தலைவரைச் சூழ்ந்திருந்த பிராணிகள் மடுவுக்குள் பாய்ந்தன. அக்கரைக்கு நீந்தியபோது ஒட்டியிருந்த கட்டிகளெல்லாம் தண்ணீரில் கரைந்து போயின. காட்டுப்பன்றி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நரி மட்டும் ஓடவில்லை. சிறுத்தையின் முன்னே குனிந்து நின்றது. "புதிய தலைவரே! உங்கள் மேனியில் இருப்பவை புள்ளிகளா, வானத்து நட்சத்திரங்களா!"

சிறுத்தைக்குப் புகழ்ச்சி பிடித்திருந்தது. நரியின் இறைச்சி அதைவிடப் பிடித்திருந்தது.

வயிறு நிறைந்த சிறுத்தை பாறைமேல் ஏறிப் படுத்தது. இனி மடு அதனுடையது. மான்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், வறண்ட மலையில் ஏறின.

ஈட்டியம்மாள் மட்டும் கரடியிடம் வந்தது. நனைத்த பாசியை அதன் வாயில் பிழிந்தது.

"அன்றே பாகை நிறுத்தியிருந்தால் இது வந்திருக்காதா?" என்று கரடி முனகியது.

"தெரியாது, தலைவரே. அப்போதும் வந்திருக்கலாம். ஆனால் சிறியதாக இருக்கும்போதே காட்டியிருந்தால் ஏதாவது செய்து பார்த்திருப்பேன்."

"நான்தான் காடு முழுவதற்கும் காட்டினேனே!"

"காடு முழுவதற்கும் காட்டினீர்கள். வைத்தியருக்கு மட்டும் காட்டவில்லை."

கரடி முன்னங்காலால் கட்டியை மூடிக்கொண்டது. இருட்டுவதற்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது.

நாக்குக்கு இனிப்பையும் காதுக்கு முகஸ்துதியையும் மட்டுமே தேடும் மூடன், தன் உடம்பைக் கெடுப்பதோடு நில்லாமல் தன்னை நம்பியவர்களின் வாழ்வையும் கெடுப்பான்.